கமலவல்லி மேடமும் ஒரு தலைமுடி அளவும்

கமலவல்லி மேடம் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற காலை பஸ்ஸில் பாதி சீட் காலியாகக் கிடக்கும். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வருவார். கேட்டால், "உக்காந்தா மண்டை ஓட மாட்டேங்குது பாய்" என்பார். வகுப்பிலும் அப்படித்தான். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே பாடம் எடுப்பார். பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும்.

அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் என் தப்பைச் சொல்லாமல் எழுத முடியாது. அதை ஒளித்து வைத்து, கடைசியில் எடுத்து நீட்டுகிற சாமர்த்தியம் எனக்கு வேண்டாம். அவருடைய ஐந்து வருட உழைப்பைக் கெடுக்கப் பார்த்தவன் நான்தான். பெயர் நைனா முகமது. ராஜபாளையம் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மைக்ரோவேவ் லேப் அசிஸ்டென்ட். அதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகம் ஒன்றில் பதினோரு வருடம் கேமரா பார்த்தவன். கல்லூரியில் வேலை கேட்டுப் போனபோது, "கேமரா தெரியும்" என்றேன். "அதுவும் எலக்ட்ரானிக்ஸ்தானே" என்று கரஸ்பாண்டன்ட் சேர்த்துக்கொண்டார். அந்த அறிவோடுதான் எங்கள் கல்லூரி நடந்தது.

எண்பத்தெட்டு ஆடியில் அடித்த காற்றில், மொட்டை மாடியில் நின்ற டிஷ் ஆன்டெனா பிய்த்துக்கொண்டு பறந்தது. பறந்தது வேறெங்காவது போய் விழுந்திருக்கலாம். சைக்கிள் ஷெட்டில், அதிலும் என் சைக்கிள் மேல் வந்து விழுந்தது. நான் தலையில் கை வைத்து நின்றபோது மேடம் ஓடி வந்தார். ஆறுதல் சொல்ல வருகிறார் என்று நினைத்தேன்.

"பாய், இது குழிவா இருக்கப்போயிதானே காத்து தூக்குது? தட்டையா, ஒரு பிளேட்டு மாதிரி இருந்தா சுவத்துலயே ஒட்டிட்டுப் போயிரலாம்லா?"

"மேடம், என் சைக்கிளு..."

"சைக்கிள் கெடக்கட்டும்!"

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பித்து. மறு வருடமே மதுரையில் ஜகந்நாதன் என்கிற பேராசிரியரிடம் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டார். கையில் எடுத்துப் பையில் போடுகிற அளவில், தட்டையாக, ஆனால் டிஷ் மாதிரி ஒரே திசையில் பாய்ச்சுகிற ஆன்டெனா. ஐந்து வருடக் கெடு. தொண்ணூற்று நாலு சித்திரைக்குள் வேலை செய்கிற ஆன்டெனாவைக் காட்டாவிட்டால் பதிவு ரத்து. மறுபடி கிடைக்காது. "இது முடியட்டும்" என்று சொல்லியே இரண்டு மாப்பிள்ளை வீட்டாரைத் திருப்பி அனுப்பியிருந்தார். அவர் அண்ணன் பேச்சையே நிறுத்திவிட்டார். கல்லூரியிலோ, "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. அது அவர் காதில் விழும். விழுந்ததும் நடை இன்னும் வேகமாகும்.

குழிவே இல்லாமல் அலை எப்படி ஒரு பக்கமாகப் போகும் என்று நான் ஒருநாள் கேட்டேன். நடந்துகொண்டே சொன்னார்.

"ஒருத்தன் நின்னு கூப்பிட்டா நாலு பக்கமும் கேக்கும். அறுபத்து நாலு பேரு வரிசையா நின்னு, ஒரே நொடியில, ஒண்ணுபோலக் கூப்பிட்டா? நேரா நிக்கிறவனுக்குக் கணீர்னு கேக்கும். தள்ளி நிக்கிறவனுக்கு ஒருத்தன் சத்தத்தை இன்னொருத்தன் சத்தம் அமுக்கிரும். அந்தக் கணீர்னு கேக்குற பாதைதான் பீம். அது குறுகலா இருக்கணும். ஒன்பது டிகிரிக்கு மேல அகலம் போகக்கூடாது."

"அந்த அறுபத்து நாலு பேரு யாரு?"

"செம்புச் சதுரம். ஒவ்வொண்ணும் ஒரு சென்டிமீட்டரு. ஒரு முடி அளவு கூடக் குறைய இருந்தாலும் வேற சுருதியில கத்தும், பாய். அப்புறம் எல்லாம் பாழ்."

இதை என் காதுபடத்தான் சொன்னார். நானும் பெரிய மனிதன் மாதிரி தலையை ஆட்டினேன்.

கணக்குப் போட மட்டும் மூன்று வருடம். கல்லூரியில் இருந்த ஒரே நல்ல கம்ப்யூட்டர் சனிக்கிழமை மத்தியானம்தான் அவருக்குக் கிடைக்கும். ரேடியோ சர்க்யூட்டுக்கு எடுக்கிற சாதாரணப் பச்சைப் போர்டு இந்த அலைக்கு ஆகாது, அலையைத் தின்றுவிடும். இரண்டு பக்கமும் செம்பு ஒட்டிய டெஃப்ளான் ஷீட் வேண்டும். பேராசிரியர் பெங்களூரில் யாரையோ பிடித்து இரண்டு ஷீட் வாங்கிக் கொடுத்தார். இரண்டே இரண்டு. மூன்றாவது கேட்டால் கிடைக்காது என்றும் சொல்லியனுப்பினார்.

படத்தை ஐந்து மடங்கு பெரிதாக, உரித்தெடுக்கிற சிவப்பு ஃபிலிமில் கத்தியால் வெட்ட வேண்டும். லேப் தரையில் விரித்து மூன்று வாரம் வெட்டினார். அறுபத்து நாலு சதுரம், அவற்றுக்குக் கரண்ட் கொண்டுபோகிற கோடுகள், ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிக் கிளை பிரிகிற கோடுகள். அதை ஐந்தில் ஒன்றாகச் சுருக்கிப் படம் எடுத்து, செம்பில் பதித்து, ஆசிட்டில் போட்டால் வேண்டாத செம்பு கரைந்து ஆன்டெனா நிற்கும். சுருக்க வேண்டியது நான். பழைய முதலாளியிடம் சொல்லி, அச்சகத்து லீவு நாளில் பெரிய கேமராவைக் கேட்டு வாங்கினேன்.

இப்போது என் தப்பு.

லேபிள் அடிக்கிற மட்டக் காகிதத்தில் மை ஊறும். மெல்லிய கோடு தடித்துவிடும், எழுத்தின் கண் அடைபட்டுவிடும். அதனால் கேமராக்காரன் ஃபிலிமிலேயே எல்லா ஓரத்தையும் ஒரு தலைமுடி அளவுக்கு ஒல்லியாக்கி விடுவான். ஃபிலிமுக்கும் அதை நகல் எடுக்கிற ஃபிலிமுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தாளை வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டினால் போதும். அச்சில் மை ஊறி, சரியான அளவுக்கு வந்து நிற்கும். இதை முதலாளியும் கேட்க மாட்டார், படம் வரைகிறவரும் கேட்க மாட்டார். கேட்காமல் செய்கிறவன்தான் நல்ல கேமராக்காரன்.

மேடத்தின் ஃபிலிமுக்கும் அதையே செய்தேன். கை தானாகச் செய்தது என்று சொல்லலாம். அது பொய். யோசித்துத்தான் செய்தேன். செம்பும் ஊறத்தானே செய்யும், இந்தப் படித்த பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியும், நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். செய்துவிட்டுப் பெருமையாகவும் இருந்தது. செம்பு ஊறாது, ஆசிட் அதை இன்னும் அரிக்கும் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

கார்த்திகையில் முதல் பிளேட்டை மொட்டை மாடிக்குக் கொண்டு போனோம். பார்க்க அழகாக இருந்தது, ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் கூட, ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. எதிரே ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டி மேல் புனல் மாதிரி ஒரு சின்ன ஹாரனிலிருந்து அலை வரும். இந்தப் பக்கம் பழைய டேபிள் ஃபேனின் அடிப்பாகத்தில் டிகிரி அளவுக் காகிதம் ஒட்டி, அதன் மேல் பிளேட்டை நிறுத்தித் திருப்ப வேண்டும். நேராக வரும்போது மீட்டர் முள் எழ வேண்டும்.

முள் தூங்கியது. திருப்பினால் அங்கே கொஞ்சம் அசைந்தது, இங்கே கொஞ்சம் அசைந்தது. குறுகலும் இல்லை, கணீரும் இல்லை. எங்கள் லேபில் அலை தருகிற குழாய் பழசு, குறிப்பிட்ட அலைவரிசைக்கு மேல் ஏற மறுக்கும். அதனால் பிளேட் அதற்கும் மேலே வேறு சுருதியில் கத்திக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்கவே இல்லை.

மேடம் மாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். சதுரங்களின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தார். சரியாக இருந்தது. ஓரங்களை ஒல்லியாக்கினால் மையம் எங்கே நகரும்? "கணக்குலதான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன் பாய்" என்றார். மூன்று வருடக் கணக்கை முதலிலிருந்து போட ஆரம்பித்தார். மார்கழி போயிற்று, தை போயிற்று. கன்னம் ஒட்டிப்போனது. டீயை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு ஆறின பிறகு கொட்டுவார். "எல்லாம் சரியாயிரும் மேடம், விடுங்க" என்று நான் ஆறுதல் வேறு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாசியில் ஃபிசிக்ஸ் லேபுக்கு வெள்ளையடித்தார்கள். அவர்களுடைய அளவெடுக்கிற மைக்ராஸ்கோப்பை எங்கள் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்கள். லென்ஸ் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று, கைக்குக் கிடைத்த அந்தப் பிளேட்டையே அடியில் வைத்தேன். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளந்தேன். பத்து புள்ளி இரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய சதுரம் ஒன்பது புள்ளி ஒன்பது. அடுத்ததைப் பார்த்தேன். ஒன்பது புள்ளி ஒன்பது. அறுபத்து நாலையும் அளந்தேன், ஒன்றாவது சரியாக இருந்துவிடாதா என்று. ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். அதைவிட, அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்று நாலு நாள் ஓடியது. வீட்டில் என் மனைவி மாஜிதா இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டாள். நாலாவது நாள் பொறுக்கமாட்டாமல் விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள்.

"யா அல்லா! அந்தப் பிள்ளை அஞ்சு வருசமா நிக்காம ஓடிக்கிட்டு இருக்கு. நீங்க நாலு நாளா சோத்தைப் பெசஞ்சுக்கிட்டு இருக்கீக. வாயைத் தொறந்தா முத்தா உதிர்ந்துரும்?"

"வேலை போயிட்டா என்னட்டி செய்ய?"

"போனா லேபிளு அடிக்கப் போங்க. அதுதான் உங்களுக்கு லாயக்கு."

மறுநாள் திங்கட்கிழமை. பஸ்ஸில் ஏறினால் மேடம் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரமாக, கையை மடியில் வைத்து, ஆடாமல் அசையாமல்.

"என்ன மேடம், உடம்புக்கு முடியலையா?"

"முடிச்சிட்டேன் பாய்."

"கணக்கையா?"

"இல்ல. எல்லாத்தையும். எனக்கு இது வராது, ரத்து பண்ணிருங்கன்னு ஜகந்நாதன் சாருக்கு லெட்டர் எழுதிட்டேன். இப்பத்தான் போஸ்ட் ஆபீஸ் வாசல்ல பெட்டியில போட்டுட்டு வாரேன்."

எனக்கு எங்கிருந்து அப்படிச் சத்தம் வந்ததோ தெரியாது. "மேடம், தப்பு உங்க கணக்குல இல்ல, என் கையில!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பியது. லேபிள், மை, கண்ணாடித் தாள், மைக்ராஸ்கோப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் எழுந்து நின்றார். "எம்புட்டு?"

"ஒரு தலைமுடி அளவு மேடம்."

"தலைமுடின்னா யாரு தலைமுடி? அளவைச் சொல்லுங்கய்யா!"

"ஒவ்வொரு ஓரத்துலயும் புள்ளி ஒண்ணு. பொறவு ஆசிட் அரிச்சது தனி."

"மூணு மாசம்! மூணு மாசம் என் மண்டையை நானே ஒடச்சுக்கிட்டேன்! கிறுக்கி மாதிரி நடந்தேன்! பக்கத்துலயே நின்னு டீ வாங்கிக் குடுத்தீங்களே, பாவி மனுசா!" குரல் உடைந்து அழுதுவிட்டார். பின்சீட்டில் கூடையோடு இருந்த ஒரு ஆச்சி என்னைப் பார்த்து, "ஏலே, அந்தப் பிள்ளைய என்னலே செஞ்ச?" என்று எழுந்து வந்தாள். அடி விழுந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

மேடம் கண்ணைத் துடைத்தார். "வண்டியை நிறுத்துங்க!" என்று கண்டக்டரிடம் போட்ட சத்தத்தில் பஸ் மம்சாபுரம் ரோடு பிரிகிற விலக்கிலேயே நின்றது. இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த வண்டியைக் கை காட்டி நிறுத்தி, ஸ்ரீவில்லிபுத்தூர் போஸ்ட் ஆபீசுக்கு ஓடினோம். பெட்டியைத் திறந்து, பையைக் கட்டி, மதுரை வண்டியில் ஏற்றியாகிவிட்டது என்றார்கள். எஸ்டிடி பூத்திலிருந்து பேராசிரியருக்குப் போன் போட்டார். பேச்சு செத்த நேரம்தான். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "லெட்டர் வந்தா கையில வச்சுக்கிட்டு இருபத்திரண்டாந் தேதி நேர்ல வாராராம். ரத்து பண்ற ஃபாரமும் கொண்டு வருவாராம். பிளேட்டு வேலை செஞ்சா ஃபாரத்தைக் கிழிப்பாரு. இல்லேன்னா அங்கயே கையெழுத்து."

பத்து நாள் இருந்தது. ஷீட் ஒன்று இருந்தது.

பழைய ஃபிலிம், பழைய பிளேட் இரண்டையும் அளந்து பார்த்ததில், ஆசிட் ஒவ்வொரு ஓரத்திலும் அரை முடி தின்கிறது என்று தெரிந்தது. அப்படியானால் இந்த முறை ஃபிலிமில் ஓரங்களை அரை முடி தடிப்பாக்க வேண்டும். படத்தைப் புதிதாக வெட்ட நேரம் கிடையாது. அதே கண்ணாடித் தாள் வித்தையை எதிர்ப்பக்கமாகச் செய்தால் வரும். செய்யத் தெரிந்த கை அந்த ஊரில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

"நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க மேடம்" என்றேன்.

"நான் நின்னா உங்க கை நடுங்கும். செய்யுங்க" என்று அச்சகத்துக்கு வெளியே போய்விட்டார். தெருவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அவர் நடக்கிற செருப்புச் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பதினேழு துண்டு ஃபிலிம் வீணாக்கினேன். ஒவ்வொன்றையும் பச்சைப் போர்டில் பதித்து, ஆசிட்டில் போட்டு, அளந்தேன். பதினெட்டாவது, பத்து புள்ளி இரண்டுக்கு வந்து நின்றது. பிறகுதான் பெங்களூர் ஷீட்டைத் தொட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி பங்குனி வெயில் மொட்டை மாடியில் காலைச் சுட்டது. ஜகந்நாதன் சார் ஒல்லியான மனிதர். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையில் கடிதமும் மடித்த ஃபாரமும் துருத்திக்கொண்டிருந்தன. நான் பிளேட்டை மாட்டினேன். ஓரமாகத் திருப்பி வைத்திருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக நேரே கொண்டுவந்தேன். முப்பது டிகிரி, இருபது, பத்து. முள் படுத்தே கிடந்தது. மேடம் கைப்பிடிச் சுவரோரம் நடப்பதை நிறுத்திவிட்டார்.

எட்டில் முள் அசைந்தது. ஐந்தில் ஏறியது. நேரே வந்ததும் மீட்டரின் மறுமுனையில் போய் இடித்தது. நான் பயந்துபோய் மீட்டர் பட்டனைத் திருப்பி அளவைக் குறைத்தேன். அந்தப் பக்கம் நாலரை டிகிரி திருப்பினால் பாதி, இந்தப் பக்கம் நாலரை திருப்பினால் பாதி. மொத்தம் ஒன்பது. சார் குடையை மடக்கிக் கீழே போட்டுவிட்டு, ஃபேன் அடிப்பாகத்தைத் தானே பிடித்து மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். மூன்று தடவையும் ஒன்பது.

ஃபாரத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு கடிதத்தைப் பிரித்தார்.

"கணக்கை மாத்தினியாம்மா?"

"இல்ல சார். அதே கணக்குதான்."

"அப்போ இதுல என்னவோ எழுதியிருக்கியே?" இங்கிலீஷில் இருந்ததை அவர் தமிழில் சொன்னார். "லேப் அசிஸ்டென்ட் நைனா முகமதுவின் வேலையில் ஒரு குறையும் கிடையாது. இந்தத் தோல்விக்கு அவரை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. தப்பு முழுக்க என் கணக்கில்."

மேடம் தரையைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மண்டையை உடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தலைமுழுகின அந்த நேரத்திலும், கல்லூரிக்காரர்கள் பழியை என் தலையில் போட்டுவிடக் கூடாதே என்று எழுதியிருக்கிறார். நான் அப்போது வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"சார், அது பொய்" என்றேன். "தப்பு முழுக்க என் கையில. கேக்காமக் கொள்ளாம ஓரத்தை ஒல்லியாக்கினது நான். தெரிஞ்ச பொறவும் நாலு நாளு வாயைப் பொத்திக்கிட்டு இருந்ததும் நான்தான். என்னை என்ன வேணா செய்யுங்க."

சார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உங்க பஞ்சாயத்தை நீங்களே பேசிக்கோங்க" என்று கடிதத்தை மேடத்தின் கையில் கொடுத்தார்.

மேடம் பேனாவைத் திறந்தார். கைப்பிடிச் சுவரில் காகிதத்தை வைத்து, 'தப்பு முழுக்க என் கணக்கில்' என்ற வரியை அழுத்தி அடித்தார். என்னைப் பற்றிய வரிகளைத் தொடவில்லை. பேனாவை மூடினார்.

"அந்த மொத வரியையும் அடிங்க மேடம். அதுவும் நெசம் இல்லையே."

"எழுதினப்போ நெசம் இல்ல. பதினெட்டாவது ஃபிலிமுக்குப் பொறவு நெசமாயிட்டு. அடிக்க மாட்டேன்" என்று காகிதத்தை என் சட்டைப் பையில் திணித்தார்.

நான் அழுதேன். நாற்பத்தாறு வயதில், மதுரைப் பேராசிரியர் முன்னால், மீசையும் தாடியும் நனைய, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். அவர் ஒரு நிமிடம் பார்த்தார். அதற்குள் கால் பரபரக்க ஆரம்பித்துவிட்டது.

"பொறவு அழுங்க பாய். பிளேட்டைக் கழட்டிப் படுக்கவாட்டுல மாட்டுங்க. அந்தப் பக்கத்து அகலம் இன்னும் அளக்கவே இல்ல" என்றார்.